பிறக்காத இளவரசரும் ஒன்பதாம் எண்ணும்

இருபது நிமிடத்துக்கு மேல் ஒரு நொடியும் கிடையாது என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, புன்னகையோடு அமர்ந்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே! வரவேற்புரையிலேயே என் பேச்சின் பாதியைப் பேசி முடித்துவிட்ட செயலாளர் அவர்களே! காது தேய்ந்தாலும் கனிவு தேயாத, குரல் கரகரத்தாலும் குணம் கரகரக்காத எங்கள் தொழிலின் மூத்தவர்களே! பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, அடுப்பை அணைத்து, அரைநாள் விடுப்பையும் கரைத்துவிட்டு வந்திருக்கும் அன்னையரே! அண்ணன்மார்களே, அக்காமார்களே! கருத்துக் கேட்கிறோம் என்று கூப்பிட்டால் "நேரமில்லை" என்று போனை வைத்துவிடாமல், இரண்டு வார்த்தை பேசி எங்கள் பிழைப்பைக் காப்பாற்றுகிற பொதுமக்களே! உங்கள் அத்தனை பேருக்கும், இத்தனை நாள் போன் வழியாக மட்டுமே பேசிப் பழகிய இந்தக் குரலின் நேரடி வணக்கம்.

அழைப்பிதழில் என் உரைக்கு 'அரண்மனையும் அயல்நாட்டார் அபிப்பிராயமும்' என்று தலைப்பு அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு என் துணைவியார் கேட்டார்: "அரண்மனையைப் பத்தி நீங்க என்னங்க பேசப் போறீங்க? நம்ம மாடிக்கு யாரு குடி வந்திருக்காங்கன்னே உங்களுக்குத் தெரியாது!" நியாயமான கேள்வி. இருபத்தெட்டு ஆண்டு இல்லறத்தில் அவர் கேட்ட எந்தக் கேள்விக்குத்தான் நான் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறேன்? சிரியுங்கள் அண்ணே, சிரியுங்கள். உங்கள் வீட்டம்மா மூன்றாவது வரிசையிலிருந்து உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிரிட்டிஷ் அரச குடும்பத்தைப் புகழ நான் வரவில்லை. பழிக்கவும் வரவில்லை. அவர்களை எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியாது. இருதரப்பிலும் இவ்வளவு சமத்துவம் வேறெங்கே கிடைக்கும்? கடல் கடந்து, காதம் பல கடந்து வாழ்கிற அந்தக் குடும்பத்தைப் பற்றி நாம் என்ன சொன்னோம், ஏன் சொன்னோம், எந்த உரிமையில் சொன்னோம் என்பதைத்தான் சொல்ல வந்தேன். கூடவே, நான் செய்த ஒரு பெரிய தவற்றையும் இந்த மேடையில் ஒப்புக்கொள்ள வந்தேன். செயலாளருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் எனக்கு மைக் கொடுத்திருக்க மாட்டார்.

எங்கள் அறையை நீங்கள் பார்த்ததில்லை அல்லவா? இருபத்திரண்டு நாற்காலி. நாற்காலிக்கு நாற்காலி முழங்கை இடிக்காமலிருக்க ஒரு தடுப்பு அட்டை. தலையில் ஹெட்போன், எதிரே கணினி. கணினி எண்ணைச் சுழற்றும், எங்கோ ஒரு வீட்டில் மணி அடிக்கும், யாரோ எடுப்பார்கள். திரையில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் படிக்க வேண்டும். "மிகவும் நல்ல அபிப்பிராயம்" என்றால் ஒன்று. "ஓரளவு நல்லது" இரண்டு. "ஓரளவு மோசம்" மூன்று. "மிகவும் மோசம்" நான்கு. "தெரியாது" என்றால் ஒன்பது. சோப்பு, சிமெண்ட், தேர்தல், செருப்பு என்று எதைக் கேட்டாலும் எங்கள் உலகம் இந்த ஐந்து எண்களுக்குள் அடங்கிவிடும். அந்த அறைக்கு நான்தான் சூப்பர்வைசர். அறையின் கோடியில் எனக்கென்று ஒரு மேசை, அதன்மேல் எனக்கென்று ஒரு மின்விசிறி. அந்த மின்விசிறி எனக்குக் கொடுத்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல!

ஒருநாள் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று எங்கள் மேலாளரிடம் ஒரு வேலை கொடுத்தது. பிரிட்டிஷ் அரச குடும்பத்தினர் ஆறு பேர். ஒவ்வொருவரைப் பற்றியும் மற்ற நாட்டு மக்கள் என்ன நினைக்கிறார்கள்? பன்னிரண்டு நாளில் முடிக்க வேண்டும்.

ஆரம்பித்தோம். ஆகா, என்ன பதில்கள்! என்ன பதில்கள்! ஒரு முடிதிருத்தும் தொழிலாளி ஆறு பேரையும் தலைமுடியை வைத்தே தீர்ப்பளித்தார். "அந்த முதல் ஆளுக்கு நாலு போடுங்க. அவ்வளவு பெரிய வீடு, ஒழுங்கா முடிவெட்ட ஒரு ஆள் கிடைக்கலையா?" என்றார். ஓர் அம்மா எங்களுக்கு உறவுமுறைப் பாடமே நடத்தினார்: "மூத்தவரா? மூத்த பிள்ளைன்னாலே பாவந்தாங்க. எங்க வீட்டுக்காரரும் மூத்தவர்தான், எல்லா பாரமும் அவர் தலையில. ஒண்ணு போட்டுக்கோங்க. இளையவரா? எங்க கொழுந்தன் மாதிரிதான் இருப்பாரு. நாலு!" பார்த்தீர்களா? தீர்ப்பு விழுந்தது அரண்மனையில். குற்றம் செய்தவர் அடுத்த தெருவில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் கொழுந்தன்!

சிரிக்கிறோம். ஆனால் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், நாம் மட்டும் என்ன? முகம் பார்க்காத மனிதருக்கு முத்திரை குத்தியதே இல்லையா? பழகாத பெண்ணைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசியதே இல்லையா? தொலைக்காட்சியில் கை அசைப்பதைப் பார்த்தே ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று முடிவு கட்டியதே இல்லையா? யாரும் பதில் சொல்லவில்லை. சரி, எல்லோருக்கும் ஒன்பது என்று போட்டுக்கொள்கிறேன்.

எங்கள் அறையில் பதினான்காம் நாற்காலியில் ஓர் அம்மையார் இருந்தார். எங்கள் அறை அவருக்கு வைத்த பெயர் 'நிதானம்'. மற்றவர்கள் ஒரு மணிநேரத்தில் ஏழு பேரிடம் பேசினால் அவர் நான்கு பேரிடம் பேசுவார். எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் ஒரு விதி உண்டு. கேள்வியைப் படித்த பிறகு மனதுக்குள் மூன்று எண்ணும்வரை வாய் திறக்கக் கூடாது. எதிரில் இருப்பவர் யோசிக்க இடம் கொடுக்க வேண்டும். அந்த விதியை எழுதியவரே பின்பற்றியிருக்க மாட்டார். இருபத்தொரு பேர் காற்றில் பறக்கவிட்டோம். நிதானம் மட்டும் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று.

விளைவு என்ன? மற்றவர்களின் தாளில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் "தெரியாது" என்றார்கள். நிதானத்தின் தாளில் நூற்றுக்கு அறுபத்து மூன்று பேர்! ஒன்பது, ஒன்பது, ஒன்பது என்று வரிசை வரிசையாக ஒன்பது. எனக்கு வந்ததே கோபம்! வெள்ளைப் பலகையில் கொட்டை எழுத்தில் 'ஒன்பதைக் குறை' என்று நானே எழுதி வைத்திருந்தேன். என் பேச்சுக்கு இவ்வளவுதானா மரியாதை? ஒன்பதாம் நாள் மேலாளரிடமிருந்து குறிப்பு வந்தது: ஒன்பது அதிகம் போடுகிறவர்களின் பெயரை அனுப்புங்கள், மாத முடிவில் நிறுத்திவிடலாம். நான் ஒரே ஒரு பெயரை அனுப்பினேன். 'வேலையில் அக்கறை இல்லை. நீக்கலாம்' என்று எழுதினேன். எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று மதியம் அவர் என் மேசைக்கு வந்தார்.

"சார், என்னை நிறுத்தப் போறதா சொல்றாங்க. நான் பேசின பதிவு ஒண்ணாவது கேட்டீங்களா?"

"கேட்டுத்தான் தெரியணுமாம்மா? எண்ணே சொல்லுதே. ஆளைப் பேச வைக்க முடியாம ஒன்பதைத் தட்டிட்டுப் போறீங்க."

"நான் தட்டல சார். அவங்க சொன்னாங்க."

"மத்தவங்ககிட்ட மட்டும் ஏன் சொல்லல?"

அவர் என் மேசையை ஒட்டி வந்தார். "எங்க வீட்டுக்காரர் பஸ் ஓட்டறவரு சார். கண்ணுல ஆபரேஷன். நாலு மாசம் வண்டியைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்ப என் வேலையில்தான் வீடு ஓடுது. இரக்கப்பட்டு வேலை கொடுங்கன்னு கேட்கல சார். ஒரு தடவை கேட்டுப் பாருங்கன்னுதான் கேக்கறேன்."

"பார்க்கலாம்" என்றேன். நாம் "பார்க்கலாம்" என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அவருக்கும் தெரிந்தது. திரும்பிப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

இப்போதுதான் அன்பர்களே, கதையில் இளவரசர் வருகிறார்!

பன்னிரண்டாம் நாள் காலை. மொத்தக் கணக்கையும் அச்சடித்து எடுத்து வந்தேன். கேட்கச் சொன்னது ஆறு பேர். தாளில் இருந்தது ஏழு பேர். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், ஏழு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், ஏழு. ஏழாவது பெயரைப் படித்தேன். படித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தேன். ஏனென்றால் அந்தப் பெயரை உலகத்துக்குத் தந்த தந்தை நான்தான்! கணக்கெடுப்பு தொடங்குவதற்கு முந்தைய நாள், கணினி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, வாய்க்கு வந்த ஓர் ஆங்கிலப் பெயரின் முன்னால் 'இளவரசர்' என்று சேர்த்துத் தட்டியிருந்தேன். சோதனை முடிந்ததும் அழிக்க வேண்டும். அழிக்க மறந்துவிட்டேன். பதினொரு நாள், இருபத்திரண்டு பேர், வீடு வீடாகக் கூப்பிட்டு, பிறக்கவே பிறக்காத ஒரு மனிதரைப் பற்றி அபிப்பிராயம் கேட்டிருக்கிறோம்!

அவர் பெயரைச் சொல்லட்டுமா? மாட்டேன். சொன்னால் நாளைக்கே அவருக்கு ரசிகர் மன்றம் திறந்துவிடுவீர்கள்.

மக்கள் என்ன சொன்னார்கள்? "யார் அது?" என்று கேட்டார்களா? கேட்டவர்கள் குறைவு. நூற்றுக்கு நாற்பத்தேழு பேர் அவரை நல்லவர் என்றார்கள். இருபத்தாறு பேர் மோசமானவர் என்றார்கள். ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், "மத்தவங்க மாதிரி இல்ல, ரொம்ப எளிமையானவர்" என்று புகழ்ந்திருக்கிறார். இன்னொருவர், "அவனா? திமிர் பிடிச்சவன்" என்றிருக்கிறார். ஒரு பெண்மணி, "அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகலையாமே" என்று வருத்தப்பட்டிருக்கிறார். ஏழு பேரில் அவருக்கு மூன்றாம் இடம்! உண்டு, உடுத்து, உலாவி, உழைத்து வாழும் நான்கு பேரை, பிறக்காத ஒருவர் பின்னுக்குத் தள்ளிவிட்டார்.

"உங்கள் ஊழியர் யாருமே கவனிக்கவில்லையா?" என்று அந்தத் தூணோரம் நிற்கும் ஐயா கேட்கிறார். நல்ல கேள்வி. பெரிய குடும்பம், யாரோ ஒன்றுவிட்ட தம்பியாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் இரண்டாம் நாளே என்னிடம் வந்து, "சார், ஏழாவதா ஒருத்தர் வர்றாரே, யார் அவரு?" என்று கேட்டிருந்தார். "எழுதியிருக்கறதைப் படிங்கம்மா" என்று நான்தான் விரட்டினேன். யார் என்று சொல்ல வேண்டுமா? பதினான்காம் நாற்காலி.

அவர் தாளை உருவி எடுத்தேன். ஏழாவது பெயருக்கு நேரே பார்த்தேன். அவரிடம் பேசியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் "தெரியாது" என்றிருந்தார்கள். தொண்ணூற்றாறு! ஊரே ஒரு பொய் மனிதனைப் புகழ்ந்தும் இகழ்ந்தும் கொண்டிருக்க, இந்த ஒரு பெண்ணிடம் பேசியவர்கள் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். எப்படி? அவர் என்ன மந்திரம் போட்டார்? பதினொரு நாள் கழித்து, அன்று காலைதான், நான் அவருடைய பதிவுகளைக் கேட்க உட்கார்ந்தேன்.

முதல் பதிவில் ஒரு கொத்தனார். பின்னால் கலவை இயந்திரம் ஓடுகிறது. நிதானம் கேள்வியைப் படிக்கிறார். பிறகு அமைதி. ஒன்று, இரண்டு, மூன்று. அந்த மனிதர் தயங்குகிறார். "உண்மையைச் சொல்லணும்னா எனக்குத் தெரியாதுங்க. ஏதாவது சொல்லணுமா?"

"தெரியாதுங்கறதும் பதில்தாங்க. அதையே எழுதிக்கறேன்."

"அட! அப்படி ஒரு பதில் இருக்கா?" என்று அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தலைச்சுமையை இறக்கி வைத்தவரின் சிரிப்பு அது. எங்கள் மற்ற பதிவுகளையும் கேட்டேன். "சும்மா மனசுல பட்டதைச் சொல்லுங்க சார்", "நல்லவர்னு போட்டுக்கவா?", "சீக்கிரம் மேடம்". பிடித்துத் தள்ளி வாங்கியிருந்தோம் அபிப்பிராயத்தை. அப்படித் தள்ளச் சொல்லிப் பலகையில் எழுதியவன் நான்.

இன்னொரு பதிவு. ஒரு தையல்காரப் பெண்மணி. தையல் இயந்திரத்தின் சத்தம் கேட்கிறது. அந்தக் குடும்பத்துப் பெண் ஒருவரைப் பற்றிய கேள்வி. கேள்வி முடிவதற்குள் "மோசம், மோசம், நாலு போடுங்க" என்கிறார். நிதானம் எண்ணுகிறார். ஒன்று. இரண்டு. தையல் சத்தம் நின்றுவிட்டது.

"ஏங்க... அதை அழிச்சிட முடியுமா?"

"அழிச்சிடறேன்மா. என்ன போடட்டும்?"

"தெரியாதுன்னு போடுங்க. எங்க பொண்ணு புருஷன் வீட்டுல இருந்து திரும்பி வந்தப்ப இந்தத் தெருவே இப்படித்தாங்க பேசிச்சு. ஒருத்தரும் அவகிட்ட வந்து கேட்கல. நான் அந்தப் பொண்ணைப் பார்த்ததுகூட இல்ல. நான் ஏன் சொல்லணும்?"

ஹெட்போனைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் தலைக்குமேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்பிற்குரியவர்களே! என் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஏழாம் வரியை அழிப்பதற்கு ஒரே ஒரு விசை போதும். இளவரசர் எப்படிச் சத்தமின்றிப் பிறந்தாரோ அப்படியே சத்தமின்றி மறைவார். அறிக்கை போகும். நிதானம் வீட்டுக்குப் போவார். என் மேசை இருக்கும், என் மின்விசிறி இருக்கும், என் மரியாதை இருக்கும். யாருக்குத் தெரியும்? எவருக்குத் தெரியும்? ஆனால் அவர் போட்ட ஒன்பதுகள் உண்மை என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி, நான் பெற்றெடுத்த அந்தப் பொய் இளவரசர்தான். அவரை அழித்தால் அந்த அம்மையாரின் பிழைப்பும் சேர்ந்து அழியும். விசைமேல் விரல் வைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். வைத்தேன். பிறகு எடுத்தேன். தாளைச் சுருட்டிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன்.

மேலாளர் முழுவதையும் கேட்டார். "அப்ப நீங்களா ஒரு ஆளை உருவாக்கி விட்டிருக்கீங்க?"

"ஆமா சார்."

"எத்தனாவது இடம்?"

"மூணாவது சார்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "இது தெரிஞ்சும் உங்களை அந்த மேசையில வச்சிருக்க முடியாது" என்றார். "தெரியும் சார். அந்த அம்மாவை மட்டும் எடுத்துடாதீங்க" என்றேன். தையல்காரப் பெண்மணியின் பதிவைப் போட்டுக் காட்டினேன். அவர் அதை இரண்டுமுறை கேட்டார். பிறகு வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தானே போன் செய்து, இரண்டு வாரம் அவகாசம் வாங்கினார்.

கணக்கெடுப்பு முதலிலிருந்து நடந்தது. ஆறே பேர். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு மூன்று எண்ணிக்கை. வெள்ளைப் பலகையை நானே துடைத்தேன். அறிக்கை போனபோது ஆறில் நான்கு பேருக்கு நேரே முதலிடம் பிடித்திருந்தது "தெரியாது". "உங்கள் நாட்டு மக்களுக்கு இதில் ஆர்வமே இல்லையா?" என்று அங்கிருந்து சற்றுக் கசப்போடு கேட்டார்களாம். "ஆர்வம் இருக்கிறது, அவசரம் இல்லை" என்று எங்கள் மேலாளர் பதில் எழுதினார். கைதட்டுங்கள், அது நல்ல பதில்! நல்ல அபிப்பிராயம் சொன்னவர்களும் அதில் இருந்தார்கள், மோசம் என்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் யோசித்துச் சொன்னவர்கள். அவர்களோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

நிதானம் வேலையில் நீடித்தார். இன்று எங்கள் அறையில் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவர்தான் பயிற்சி தருகிறார். இந்தக் கூட்டத்துக்கு அழைத்தேன். "எனக்கு ஷிப்ட் இருக்கு சார், நீங்க போய் நல்லா பேசிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கு? மேசை போயிற்று, மின்விசிறியும் போயிற்று. பதினைந்தாம் நாற்காலி கிடைத்தது. ஆம் நண்பர்களே, இன்றும் நான் அந்த நாற்காலியிலிருந்துதான் உங்களைக் கூப்பிடுகிறேன்.

பதினைந்தாம் நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள், இடைவேளையில், அவரிடம் திரும்பினேன். மன்னிப்புக் கேட்க எத்தனையோ வாக்கியம் கோத்து வைத்திருந்தேன். மேடையில் முழங்குகிற இந்த வாய்க்கு அன்று ஒரு வாக்கியமும் கைகொடுக்கவில்லை. "உங்களைப் பத்தித் தப்பா எழுதிட்டேன்மா" என்றேன்.

"தெரியும் சார்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இப்ப என்னைப் பத்தி உங்க அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார்.

நல்லவர் என்று சொல்லியிருக்கலாம். நேர்மையானவர், பொறுமையானவர் என்று அடுக்கியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் ஆறு ஆண்டு, பன்னிரண்டடி தூரம், ஒரே அறை. அவருடைய கணவர் பஸ் ஓட்டுகிறவர் என்பதையே, வேலையைப் பறிக்கப் போன அன்றுதான் நான் அறிந்தேன்.

"தெரியாதும்மா" என்றேன். "சத்தியமா எனக்குத் தெரியாது."

அவர் முகம் மலர்ந்தது. தன் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். "அப்ப இருங்க சார், டீ வரட்டும். கேளுங்க, சொல்றேன்."

நன்றி. பெருமக்களே, அன்னையரே, பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. தலைவர் கடிகாரத்தை எடுத்து மாட்டிக்கொள்ளலாம். நான் கீழே இறங்கி வருகிறேன். உங்களில் யாரையும் எனக்குத் தெரியாது, ஒவ்வொருவராக வந்து சொல்லுங்கள். எல்லோருக்கும் என் வணக்கம்!